குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்றால்: ஸ்லீப் ஆப்னியா கேள்வி பதில்

குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் அவருக்குத் தெரியாது. அதனால் இந்தக் கேள்வி பதில்களை நோயாளியைவிட, அவருக்குப் பக்கத்தில் படுக்கும் மனைவி, கணவர், மகன், மகள், அறைத்தோழர் படிப்பதுதான் முக்கியம்.

படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறார். நல்ல தூக்கம் என்றுதானே அர்த்தம்?

"கொடுத்து வைத்த மனுஷன், தலையைச் சாய்த்தால் போதும்" என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தொண்டையில் காற்று போகும் வழி குறுகும்போது எழும் சத்தம்தான் குறட்டை. உள்நாக்கும் அதையொட்டிய மென்மையான அண்ணமும் நாக்கின் அடிப்பகுதியும் தூக்கத்தில் தளர்ந்து தொங்க, அவற்றை உரசிக்கொண்டு காற்று போகிறது. இந்தச் சத்தத்தை வைத்துத் தூக்கம் நல்ல தூக்கம் என்று சொல்ல முடியாது.

படுத்த நிமிடமே தூங்கிப்போவதையும் வரம் என்று சொல்ல முடியாது. போன இரவுத் தூக்கம் போதவில்லை என்று உடம்பு கணக்குத் தீர்ப்பதாகவும் இருக்கலாம்.

சரி, ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

அவசரமாக உறிஞ்சும்போது பேப்பர் ஸ்ட்ரா உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். தளர்ந்த தொண்டைக்கும் அதுதான் நடக்கிறது. நெஞ்சு காற்றை இழுக்கிறது, தொண்டை மூடிக்கொள்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இப்படிக் காற்றோட்டம் குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு 'ஆப்னியா' என்று கணக்கிடுகிறார்கள். சிலருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஓரிரு விநாடி விழிக்கிறது. தொண்டைத் தசை இறுகி வழி திறக்க, ஒரு பெரிய செருமலோடு மூச்சு வருகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

இந்தக் குட்டி விழிப்புகள் காலையில் ஒன்றுகூட நினைவில் இருக்காது. அதுதான் சிக்கல். மணிக்கு 30 முறை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு மணி நேரத்தில் 210 முறை. அந்த மனிதர் எழுந்து, "நல்லாத்தான் தூங்கினேன், ஆனா அசதி போகல" என்பார். இரண்டு பாதியும் அவரளவில் உண்மைதான்.

பெரியவர்களுக்கு மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. தொண்டையில் அடைப்பே இல்லாமல், மூச்சு விடச் சொல்லி மூளை கட்டளை தராததால் வரும் வகையும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அதைப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலோருக்கு வருவது தொண்டை அடைக்கும் வகைதான்.

குறட்டை விடும் எல்லோருக்கும் இது இருக்குமா?

இருக்காது. ஒரே சீராக ஓடும் குறட்டை பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தொந்தரவு. கேட்க வேண்டியது வேறு ஒன்று. சத்தம் ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் 'அப்பாடா, ஓய்ந்தது' என்று கண்ணை மூடுவது இந்த இடத்தில்தான். அப்போது தூங்காமல் அவர் வயிற்றைப் பாருங்கள். வாயிலோ மூக்கிலோ காற்று இல்லை, ஆனால் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு மேலே எழும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும். அப்புறம் ஒரு திமிறல், 'ஹக்' என்று ஒரு மூச்சு, திரும்பவும் குறட்டை.

இதை போனில் வீடியோ எடுங்கள். விடிவிளக்கு வெளிச்சத்தில் நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி வைத்து, விடியற்காலை 3 மணிக்கு மேல் எடுப்பது நல்லது. கனவு வரும் தூக்கக் கட்டம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது தசைகள் முழுக்கத் தளர்வதால் அடைப்பும் கூடும். மல்லாந்து படுத்திருந்தால் இன்னும் தெளிவாகப் பிடிபடும். டாக்டரிடம் பத்து வார்த்தை சொல்வதைவிட இரண்டு நிமிட வீடியோ வேலை செய்யும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பெரிதுபடுத்துகிறார்களோ?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடுவயது ஊழியர்களிடம் எடுத்த ஆய்வு 1993-இல் வெளியானது. மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தவர்கள் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். பகல் தூக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் மூச்சுத்தடையை மட்டும் பார்த்தால் 24 சதவீதமும் 9 சதவீதமும். 2019-இல் வந்த ஒரு மதிப்பீடு, உலகில் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது என்றது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் சொன்ன கணக்கு சுமார் 10 கோடி. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நடுத்தரமோ கடுமையோ.

மணிக்கு ஐந்து என்ற கோடு தாழ்வானது என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஐந்தாறு தடை வந்து, பகலில் எந்தத் தொல்லையும் இல்லாதவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முப்பது நாற்பது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் விஷயமே தெரியாது என்பது விமர்சகர்களும் மறுக்காத ஒன்று.

இவ்வளவு பேருக்கு இருந்தும் ஏன் வெளியே தெரியவில்லை?

குறட்டையை நாம் நகைச்சுவைக் கணக்கில் எழுதிவிட்டோம். சினிமாவில் குறட்டை என்றால் சிரிப்பு, வீட்டில் என்றால் கும்பகர்ணன் பட்டம். சிரிக்கிற விஷயத்துக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. பெண்ணாக இருந்தால் சிரிப்போடு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணமாகாத மகள் குறட்டை விடுகிறாள் என்று எந்த அம்மா வாயைத் திறந்து சொல்வார்?

டாக்டர்கள் பக்கமும் குறை உண்டு. பிரஷருக்கு மாத்திரை எழுதும்போது உப்பைக் கேட்பார்கள், நடைப்பயிற்சியைக் கேட்பார்கள். குறட்டையைக் கேட்பவர்கள் குறைவு. நோயாளி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும் அறையில் கேட்டாலும் பலனில்லை, "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்பார். பொய் சொல்லவில்லை, பாவம், அவருக்குத் தெரியாது.

இந்தியில் டிஸ்கோ பாடல்களால் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் மும்பையில் இறந்தபோது, காரணம் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தொண்டை அடைக்கும் வகை, என்று மருத்துவமனை சொன்னது. இந்தியச் செய்தி சேனல்கள் இந்தப் பெயரை முழுதாக உச்சரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் எல்லா ஊடகத்திலும் 'குறட்டை ஆபத்தா?' என்று ஓடியது. அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சுகர் இல்லை, புராஸ்டேட்டும் சரி என்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பா?

இருக்கலாம். இந்தக் கேள்வி இன்னும் அதிகம் பேரிடமிருந்து வர வேண்டும். மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் கூடிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் சொன்னதைச் செய்கிறது. சிறுநீர் வந்ததால் விழித்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மூச்சு நின்றதுதான் முதல் காரணமாக இருக்கலாம்.

காலையில் தலைவலி, வாய் உலர்ந்து போதல், மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், காரணமில்லாத எரிச்சல், ஞாபக மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை என்று மற்ற அறிகுறிகளும் இப்படி வேறு வேறு டாக்டர்களிடம் சிதறிப் போய்விடுகின்றன.

ஒல்லியானவர்களுக்கு வராதுதானே?

வரும். உடல் எடை பெரிய காரணம்தான், ஆனால் தாடை சிறியதாக, பின்தள்ளி இருந்தாலும் நாக்குக்கு இடம் போதாது. ஆசியர்களுக்கு மேற்கத்தியரைவிடக் குறைந்த எடையிலேயே இது வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தைராய்டு குறைபாடு, மூக்கடைப்பு, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது, எல்லாமே சேரும்.

பெண்களுக்கு?

மாதவிடாய் நிற்கும்வரை ஹார்மோன்கள் ஓரளவு காப்பாற்றுகின்றன. நின்ற பிறகு பாதிப்பு ஆண்களின் அளவை நெருங்கிவிடுகிறது. பெண்களிடம் பெரிய குறட்டைக்குப் பதிலாகத் தூக்கமின்மை, அசதி, மனச்சோர்வு என்று தெரிவதால் சத்து மாத்திரையோ தூக்க மாத்திரையோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சில வகைத் தூக்க மாத்திரைகள் தொண்டையை இன்னும் தளர்த்தும். போதாததற்கு, பல வீடுகளில் கணவர் தூங்கிய பிறகு படுத்து அவர் விழிக்கும் முன் எழுகிறார் மனைவி. மனைவி தூங்குவதைப் பார்த்த சாட்சியே வீட்டில் இல்லை.

குழந்தைகள் குறட்டை விடுவது சகஜமா?

சளி பிடித்திருக்கும் நாட்களில் சகஜம். தினமும் என்றால் காட்ட வேண்டும். பெரும்பாலும் தொண்டையில் இருக்கும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் வீங்கியிருக்கும். வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, தலையணையெல்லாம் வியர்வை, நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வருவது எல்லாம் அடையாளங்கள். பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ துறுதுறுவென்று அடங்காமல், கவனம் சிதறி இருப்பார்கள். வகுப்பில் 'வால்' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இரவில் மூச்சு அடைக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. டான்சில், அடினாய்டை எடுத்தால் பலருக்குச் சரியாகிவிடும்.

நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி விழிப்பு வருகிறது. அமுக்குவான் பேய் என்கிறார் பாட்டி.

விழித்துவிட்டீர்கள், கண் தெரிகிறது, ஆனால் கை கால் அசையவில்லை என்றால் அது தூக்க முடக்கம். கனவுக் கட்டத்தின் தசைத் தளர்வு விலகும் முன் நினைவு திரும்பிவிட்டது. பயமுறுத்தும், ஆனால் தானாகப் போய்விடும். மூச்சு முட்டித் திமிறி எழுந்து உட்காருகிறீர்கள், கை கால் நன்றாக அசைகிறது என்றால் ஸ்லீப் ஆப்னியாவைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், டாக்டரிடம் ஒருமுறை போய் வாருங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

சந்தேகம் எவ்வளவு பலமானது என்று பார்க்கலாம். டொரான்டோவில் மயக்க மருந்து நிபுணர்கள் 2008-இல் வெளியிட்ட கேள்விகளில் தொடங்கி, இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் எட்டுக் கேள்விகள் உண்டு. கதவைத் தாண்டிக் கேட்கும் குறட்டையா? பகலில் அசதியா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? பிரஷர் உண்டா? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று 'ஆம்' வந்தால் கவனம் தேவை, ஐந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. எடைக்கான 35 என்ற அளவு நம் ஊர் உடல்வாகுக்கு ரொம்பத் தாராளம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கழுத்தை அளக்க டேப் இல்லையென்றால் சட்டைக் காலரைப் பாருங்கள். 16 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட அந்தக் கோடு.

ஸ்லீப் ஸ்டடி என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமா? ஒயரெல்லாம் மாட்டினால் தூக்கம் வருமா?

முழுப் பரிசோதனைக்கு ஓர் இரவு தங்க வேண்டும். தலையில் பிசின் வைத்து மின்முனைகள், மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். ஒரே குறை, மறுநாள் தலைமுடியில் ஒட்டிய பிசின் லேசில் போகாது. தூக்கம் வராது என்று பயப்படுகிறவர்களில் பலர் எப்படியோ தூங்கிவிடுகிறார்கள். கிடைக்கிற சில மணி நேரமே பெரும்பாலும் போதும். அடைப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம், வேறு பெரிய இதய, நுரையீரல் கோளாறு இல்லை என்றால், வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி போதும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தும் அறிகுறி இருந்தால் முழுப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

நுரையீரல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ எழுதித் தருவார்கள்.

வாழ்நாள் முழுக்க முகமூடி மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டுமா?

சிபாப் மெஷினைச் சொல்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் இதை உலகுக்குச் சொன்னார். ஆரம்ப கால மெஷின்களில் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் திருப்பிப் போட்டு ஓட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குக் குறட்டையே தேவலாம். இப்போதைய மெஷின் கையடக்கம், சத்தம் மிகக் குறைவு. இது ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே லேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். போட்டால் வேலை செய்யும், கழற்றினால் செய்யாது.

மாட்டிய முதல் வாரத்திலேயே கோபப்பட்டு அலமாரியில் வைத்துவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் மாஸ்க் அளவு சரியில்லாததுதான் காரணம். மாஸ்க்கை மாற்றிப் பாருங்கள், பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகுங்கள், மூக்கு உலர்ந்தால் ஈரப்பதம் தரும் வசதியைப் போடுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால்வாசி குறையும் என்று ஆய்வு உண்டு. மல்லாந்தால் மட்டும் வருபவர்கள் பக்கவாட்டில் படுத்தால் பாதி வேலை முடிந்தது. இரவில் மது கூடாது. லேசானது, நடுத்தரமானது என்றால் கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி உதவும். சிலருக்கு அறுவை சிகிச்சை. உடல் பருமன் உள்ளவர்களின் நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கு டிர்செபடைட் என்ற எடைக்குறைப்பு ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். குறட்டை நிற்க மூக்கில் விடும் எண்ணெய், கழுத்துப் பட்டை விளம்பரங்களில் பணத்தை விட வேண்டாம்.

மெஷின் போட்டால் மாரடைப்பு வராதா?

அப்படி உறுதி தருபவரை நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் இருந்த இரண்டாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2016-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை மெஷின் குறைத்ததாக அதில் தெரியவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் மெஷின் போட்டார்கள் என்பதால் விவாதம் தொடர்கிறது. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. பிரஷரும் கொஞ்சம் இறங்கும் என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகலில் விழித்திருக்க முடிவதே பெரிய காரியம் இல்லையா?

டிரைவர்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை. நியூயார்க்கில் மெட்ரோ நார்த் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டரில் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார். அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2016 செப்டம்பரில் நியூயார்க்கை ஒட்டிய ஹொபோக்கன் நிலையத்தில் இன்னொரு ரயில் முட்டி ஒரு பெண் இறந்தார். அந்த ஓட்டுநருக்கும் இதே கதை. ரயில், லாரி ஓட்டுநர்களைச் சோதிக்க விதி கொண்டுவரலாம் என்று அமெரிக்க அரசு யோசித்தது. 2017 ஆகஸ்டில் அந்த யோசனையைக் கைவிட்டது.

பிரிட்டனில் நடுத்தர, கடுமையான ஆப்னியாவோடு பகல் தூக்கமும் இருந்தால் ஓட்டுநர் உரிமத் துறையிடம் சொல்லியாக வேண்டும். இங்கே உரிமம் வாங்கும்போது நாம் கையெழுத்துப் போடும் உடல்தகுதிப் படிவத்தில் வலிப்பு, மயக்கம், மாலைக்கண், காது என்று கேட்கிறார்கள். குறட்டையும் பகல் தூக்கமும் அந்த வரிசையில் இல்லை. இரவு ஆம்னி பஸ், லோடு லாரி ஓடும் மாநிலத்தில் இது சின்ன விடுபடல் அல்ல. உரிமம் போய்விடும் என்ற பயத்தில் டிரைவர் மறைக்காமல் இருக்க, சிகிச்சை எடுத்தால் திரும்ப ஓட்டலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரிட்டனில் அப்படித்தான்.

விழிப்புணர்வு என்றால் என்ன செய்வது? மார்ச் மாதம் உலகத் தூக்க தினம் வருகிறதே.

வருகிறது, 2008 முதல். ஆஸ்பத்திரி வாசலில் பேனர், ஒரு கருத்தரங்கு, போட்டோ. வருகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள்.

என் யோசனை எளிமையானது. கேள்வியை நோயாளியிடம் கேட்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அந்தத் திண்ணையில் மனைவியும் மருமகளும் கூடவே இருப்பார்கள். "தாத்தா தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாம்மா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். கருவி வேண்டாம், செலவு இல்லை. அதேபோல் பிரஷர் மாத்திரை வாங்க வரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்கும்போது, ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது. ஆள் வந்து நிற்கும் இடத்தில் கேட்க வேண்டும்.

செலவு?

வீட்டுப் பரிசோதனை சில ஆயிரங்கள். மெஷின் சாதாரணமாக முப்பதாயிரத்தைத் தொடும், மேலும் போகும். மருத்துவக் காப்பீடு பலவற்றில் மெஷின் விலை கிடைப்பதில்லை, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் பரிசோதனை வசதி உண்டு.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதிக்கிறார். எப்படி அழைத்துப் போவது?

குறட்டையைப் பற்றிப் பேசாதீர்கள், அது அவருக்குக் கேலியாகவே கேட்கும். மூச்சைப் பற்றிப் பேசுங்கள். "ராத்திரி மூச்சு நிக்குதுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். டாக்டரிடம் கட்டாயம் கூடவே போங்கள்.

நான் தனியாக இருக்கிறேன். என்னை யார் கவனிப்பது?

குறட்டையைப் பதிவு செய்யும் போன் செயலிகள் உண்டு. அவை நோயைக் கண்டுபிடிக்காது, ஆனால் சத்தம், அமைதி, திமிறல் என்ற வரிசையைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊருக்குப் போகும்போது கூடப் படுக்கும் தம்பியிடமோ, ரயிலில் வந்த நண்பரிடமோ நேராகக் கேளுங்கள். மதியக் கூட்டத்தில், சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறதா என்று நீங்களே பாருங்கள். சிக்னலில் சொக்கினால் அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆட்டோவில் போங்கள். டாக்டரிடம் அந்த வாரமே போங்கள்.